கௌட்ரெயினில் நேரம் மிச்சம் பிடிப்பது எப்படி: வாசலிலிருந்து வாசல் வரை

கௌட்ரெயின் என்பது தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்கையும் பிரிட்டோரியாவையும் விமான நிலையத்தையும் இணைக்கும் வேகமான ரயில். அதில் ஏறியும் காரில் வந்தவருக்குப் பின்னால் போய்ச் சேர்கிறவர்கள் உண்டு. ரயிலைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அது சொன்ன நேரத்துக்குப் பெரும்பாலும் ஓடிவிடுகிறது. நேரம் கரைவது நிலையத்துக்குப் போகும் வழியிலும், கார்டு கேட்டிலும், வண்டி மாறும் இடத்திலும், இறங்கியபின் டாக்சி தேடுவதிலும்தான். ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கும், டர்பனிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வரும் பெரியவர்களுக்கும் ஏற்றபடி இதை எழுதியிருக்கிறோம். பிற்பகுதியில் ரயிலின் தொழில்நுட்பமும் வருகிறது. அது தெரிந்தால் எந்த அவசரம் பலிக்கும், எது பலிக்காது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் பெயர். எழுத்தைப் பார்த்து நாம் ‘கௌ’ என்கிறோம். உள்ளூர்க்காரர்கள் அந்த முதலெழுத்தைத் தொண்டையிலிருந்து காறுவதுபோல் ‘ஹௌ’ என்பார்கள். டாக்சிக்காரரிடம் வழி கேட்கும்போது இது தெரிந்திருந்தால் நல்லது.

தடத்தை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள்

மொத்தம் 80 கி.மீ., 10 நிலையங்கள். பக்கவாட்டில் சாய்ந்த ‘T’ போல இருக்கும். வடக்கு–தெற்குக் கோட்டில் ஹாட்ஃபீல்ட், பிரிட்டோரியா, செஞ்சூரியன், மிட்ராண்ட், மார்ல்பரோ, சாண்டன், ரோஸ்பேங்க், பார்க். கிழக்குக் கோட்டில் சாண்டன், மார்ல்பரோ, ரோட்ஸ்ஃபீல்ட், ஓ.ஆர். டாம்போ விமான நிலையம். சாண்டனும் மார்ல்பரோவும் இரண்டு கோட்டிலும் வருகின்றன. வண்டி மாறுவதென்றால் இந்த இரண்டில் ஒன்றில்தான்.

விமான நிலையத்திலிருந்து சாண்டனுக்குச் சுமார் 15 நிமிடம். பார்க்கிலிருந்து ஹாட்ஃபீல்டுக்குச் சுமார் 42 நிமிடம். இவை சக்கரம் சுழலும் நேரம் மட்டுமே. உங்கள் பயணத்தைக் கணக்கிட ஒரு துண்டுத்தாளில் ஐந்து எண்களை எழுதுங்கள்: வீட்டிலிருந்து நிலையம், நிலைய வாசலிலிருந்து பிளாட்ஃபார்ம், காத்திருப்பு, ரயில், இறங்கியபின் போக வேண்டிய இடம்.

இரண்டாவது எண்ணுக்கு யாரும் இடம் கொடுப்பதில்லை. சாண்டன் நிலையம் ஆழத்தில் இருக்கிறது. எஸ்கலேட்டர் மாறி எஸ்கலேட்டர் இறங்க வேண்டும். பழக்கமில்லாதவருக்கு 7 நிமிடம் வையுங்கள். முழங்கால் வலி உள்ளவர் லிஃப்டுக்கு நிற்பார், அவருக்கு 10.

மூன்றாவது எண்ணுக்கு எளிய விதி உண்டு. நேரம் பார்க்காமல் போனால் சராசரிக் காத்திருப்பு இரண்டு வண்டிகளுக்கு இடையிலுள்ள நேரத்தில் பாதி. வேலைநாள் காலையிலும் மாலையிலும் வண்டி அடுத்தடுத்து வரும், அட்டவணை பார்க்க வேண்டியதில்லை. வார இறுதியில் இடைவெளி அரைமணி நேரம் வரை நீளும். அப்போது கண்ணெதிரே ஒரு வண்டி போய்விட்டால் 15 நிமிட ரயில் பயணம் 45 நிமிடப் பயணம். சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் கௌட்ரெயின் ஆப்பில் நேரம் பார்த்துவிட்டே வீட்டைவிட்டுக் கிளம்புங்கள். முதல் வண்டி காலை ஐந்தரையை ஒட்டி. இரவில் ஒன்பது மணியை ஒட்டிச் சேவை அடங்கிவிடும். இரவு எட்டரைக்குத் தரையிறங்கும் விமானத்துக்கு ரயிலை நம்பாதீர்கள். பெட்டி வருவதற்குள் கடைசி வண்டி போயிருக்கலாம்.

ஐந்தையும் கூட்டியபின் பாருங்கள். இரண்டு முனைகளிலும் சேர்த்துக் கார் ஓட்டம் மட்டும் 40 நிமிடத்தைத் தாண்டினால், நெரிசல் இல்லாத வேளையில் ரயிலால் லாபமில்லை. ஜோகன்னஸ்பர்குக்குத் தெற்கே லெனேசியாவில் இருப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். தெற்கே நிலையம் எதுவும் இல்லை. பார்க் வரை காரில் வந்தவர் பாதி ஜோகன்னஸ்பர்க்கைக் கடந்துவிட்டிருப்பார். அவருக்கு ரயில் கைகொடுப்பது வேலைநாள் காலையில் பிரிட்டோரியாவுக்குப் போகும்போதுதான். அந்த வேளையில் என்-1 நெடுஞ்சாலையில் எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது, ரயிலுக்குச் சொல்லலாம். சராசரி வேகத்தைவிட இந்த நிச்சயம் பெரியது. ஒன்பது மணிக் கூட்டத்துக்குக் காரில் போகிறவர் ஒரு மணி நேரம் முன்கூட்டிக் கிளம்பினால், அந்த ஒரு மணி நேரமும் பயணக் கணக்கில்தான் சேரும்.

கார்டு

இரண்டு வழி இருக்கிறது. நிலையத்தில் விற்கும் கௌட்ரெயின் கார்டை வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளலாம். அல்லது உங்களிடம் இருக்கும் தொடுகையில்லா வங்கிக் கார்டையே கேட்டில் காட்டலாம். எப்போதாவது போகிறவருக்கும் ஊரிலிருந்து வந்த விருந்தாளிக்கும் வங்கிக் கார்டு போதும். மெஷின் முன்னால் வரிசையில் நிற்கும் வேலை மிச்சம். தினமும் போகிறவர் கௌட்ரெயின் கார்டுதான் வாங்க வேண்டும், வார, மாதச் சலுகைத் தொகுப்புகளை அதில்தான் ஏற்ற முடியும்.

தவறு நடக்கும் இடங்கள் இவை:

- ஒரு கார்டு, ஒரு ஆள். நீங்கள் டேப் செய்து உள்ளே போய்விட்டு அதே கார்டை அம்மாவிடம் நீட்டினால் கேட் திறக்காது. அந்தக் கார்டு ஏற்கெனவே ‘உள்ளே’ இருப்பதாகவே கணினிக்குத் தெரியும். குடும்பத்தோடு போனால் ஆளுக்கொரு கார்டு வேண்டும்.
- எதைக் காட்டி உள்ளே போனீர்களோ அதையே காட்டி வெளியே வாருங்கள். ஒரே வங்கிக் கணக்காக இருந்தாலும் போனில் இருக்கும் கார்டுக்கும் பர்ஸில் இருக்கும் பிளாஸ்டிக் கார்டுக்கும் உள்ளே போகும் எண் வேறு. போனில் நுழைந்து பிளாஸ்டிக்கில் வெளியேற முயன்றால் முடிக்கப்படாத பயணம் ஒன்றும் தொடங்கப்படாத பயணம் ஒன்றும் பதிவாகும். போனில் சார்ஜ் 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதைக் காட்டி உள்ளே போகவே வேண்டாம்.
- பர்ஸை அப்படியே வைத்து அழுத்தாதீர்கள். உள்ளே இரண்டு, மூன்று கார்டுகள் இருந்தால் கருவி எதைப் படிக்கும் என்று சொல்ல முடியாது. ஒன்றைத் தனியே எடுத்துத் தட்டையாக வைத்து, திரையில் பதில் தெரியும்வரை ஒரு நொடி அசைக்காமல் பிடியுங்கள். விபூதி வைப்பதுபோல் தொட்டுத் தொட்டு எடுத்தால்தான் கோளாறு.
- வெளியேறும்போதும் டேப் செய்ய வேண்டும். பெரிய பெட்டிக்காகத் திறந்த அகலக் கேட்டில் இன்னொருவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டால், உங்கள் பயணம் முடியாமலே கிடக்கும். மறுநாள் கேட் மறிக்கும்.
- கௌட்ரெயின் கார்டில் போதிய ராண்டு இருக்கிறதா என்று கிளம்பும் நிலையத்திலேயே பாருங்கள், முக்கியமாக விமான நிலையம் போகும்போது.

பிளாட்ஃபார்மிலும் வண்டியிலும்

வண்டி நான்கு பெட்டியாகவும் வரும், எட்டாகவும் வரும். பிளாட்ஃபார்மின் நடுப்பகுதியில் நின்றால் எது வந்தாலும் ஓட வேண்டியிருக்காது. பெயர்ப் பலகையில் கடைசி நிலையத்தின் பெயரைப் பார்த்து ஏறுங்கள். சாண்டனிலும் மார்ல்பரோவிலும் இரண்டு கோட்டு வண்டிகளும் வருவதால், வந்த வண்டியில் ஏறிக்கொள்ளும் ஊர்ப் பழக்கம் அங்கே ஆபத்து. மிட்ராண்டுக்குப் போக வேண்டியவர் ரோட்ஸ்ஃபீல்டில் விழிப்பார்.

கேட்டைத் தாண்டியதும் சாப்பாடு, குடிநீர், சூயிங்கம் எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. இதைச் சாதாரண அறிவிப்பு என்று நினைக்காதீர்கள், காவலர் நேரில் வந்து நிறுத்தச் சொல்வார், அபராதமும் உண்டு. மூடிய டிபன் பைக்குள் வடை இருந்தால் வம்பில்லை, பிரித்து ஒரு கடி கடித்தால்தான் வம்பு. சர்க்கரை நோயாளிகளும் குழந்தை வைத்திருப்பவர்களும் கேட்டுக்கு வெளியிலேயே வேண்டியதைச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கெடுபிடி அதிகம் என்று சிலர் முணுமுணுப்பார்கள். 2010-ல் ஓடத் தொடங்கிய பெட்டிகள் இன்னும் இவ்வளவு சுத்தமாக இருப்பதற்கு அந்தக் கெடுபிடியும் ஒரு காரணம்.

சாண்டனுக்கும் மார்ல்பரோவுக்கும் நடுவில் வண்டி சுரங்கத்திலிருந்து வெளியே வரும்போது காது லேசாக அடைத்துத் திறக்கும். சுரங்கத்துக்குள் வண்டி முன்னால் தள்ளிக்கொண்டு வந்த காற்று வாயிலில் சட்டென்று விடுபடுவதால் அழுத்தம் மாறுகிறது. எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும். கைக்குழந்தை அழுதால் பயப்பட வேண்டாம்.

விமான நிலையத்திலிருந்து

நிலையம் தரைக்கு மேலே இருக்கிறது. உள்நாட்டு, பன்னாட்டு முனையங்கள் இரண்டிலிருந்தும் பெயர்ப் பலகையைப் பின்பற்றி நடந்தே போகலாம். டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்திலிருந்து வந்தவருக்குக் குடியேற்றச் சோதனை கிடையாது. விமானக் கதவு திறந்ததிலிருந்து பிளாட்ஃபார்ம் வரை, செக்-இன் பெட்டி இருந்தால் 35 நிமிடம், கைப்பை மட்டும் என்றால் 20 என்று வையுங்கள். சென்னை, கொழும்பிலிருந்து வருகிறவர்கள் குடியேற்ற வரிசைக்கு ஒரு மணி நேரமாவது சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விமான நிலைய வழிக்குக் கட்டணம் மற்ற தூரங்களைவிட மிக அதிகம். சாண்டன் வரை ஓர் ஆளுக்கு 200 ராண்டைத் தாண்டும். இதைத் தவிர்க்கச் சிலர் ஒரு நிறுத்தம் முன்னாலுள்ள ரோட்ஸ்ஃபீல்டில் இறங்கி அங்கிருந்து டாக்சி பிடிப்பார்கள். கையை வீசிக்கொண்டு போகும் ஒற்றை ஆளுக்கு அது சரி. இரண்டு பெட்டியும் ஊறுகாய் ஜாடியுமாக வருகிறவர் செய்தால் மிச்சப்படுத்தியது டாக்சிக்கும் அலைச்சலுக்கும் போய்விடும். நான்கு பேராக இருந்தால் கணக்கே வேறு. நான்கு ரயில் கட்டணத்தின் தொகையில் கார் வாசலுக்கே வந்துவிடும். குடும்பத்துக்குக் கார், ஒருவர் இருவருக்கு ரயில் என்பது எங்கள் கணக்கு.

இந்தத் தடத்தில் விமானப் பயணிகளுக்கு, பெட்டி வைக்க அதிக இடத்தோடு, தனிப் பெட்டிகள் ஒதுக்கியிருக்கிறார்கள். பிளாட்ஃபார்மில் அடையாளம் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து நில்லுங்கள்.

பிரிட்டோரியா பக்கம் போகிறவர் சாண்டன் வரை போய்த் திரும்ப வேண்டாம். மார்ல்பரோவில் இறங்கி வடக்கே போகும் வண்டிக்கு மாறுங்கள். பிரிட்டோரியாவை ஒட்டிய லாடியத்துக்குப் போக செஞ்சூரியனில் இறங்குவது நல்லது. அங்கிருந்து உறவுக்காரர் காரில் வந்து அழைத்துப் போவதே உத்தமம். மராபஸ்டாட் மாரியம்மன் கோயிலுக்கு பிரிட்டோரியா நிலையம் பக்கம். ஆனால் நடுவில் உள்ள தெருக்களில் பையோடு நடப்பதை நாங்கள் சொல்ல மாட்டோம், ஆப் டாக்சியே போடுங்கள். மெல்ரோஸ் முருகன் கோயிலுக்கு ரோஸ்பேங்கில் இறங்கிக் காரில் சிறிது தூரம். தைப்பூசக் காவடி நாளில் கோயில் தெருவில் பார்க்கிங் கிடைக்காது. காரை வேறொரு நிலையத்தில் விட்டுவிட்டு ரோஸ்பேங்குக்கு ரயிலில் வருவது அன்றைக்குப் புத்திசாலித்தனம். விழா ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் மட்டும் அரைமணி நேர இடைவெளி நினைவிருக்கட்டும்.

கௌட்ரெயின் பார்க்கிங் விமான நிலையத்தில் கிடையாது, மற்ற நிலையங்களில் உண்டு. விமான நிலையத்தில் விட்டுப் போவதைவிட இப்படிச் செலவு குறையலாம். எத்தனை நாள் என்று எண்ணிக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நிலையத்திலிருந்து கிளம்பும் கௌட்ரெயின் பஸ்ஸில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். ரயிலில் வந்த அதே கார்டைக் காட்டி ஒரு மணி நேரத்துக்குள் ஏறினால் பஸ் கட்டணம் குறையும். நடுவில் கடை, காபி என்று ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் முழுக் கட்டணம். வார இறுதியில் பல பஸ் தடங்கள் ஓடாது, இதை மறந்து ஏமாந்தவர்கள் ஏராளம்.

ஆப் டாக்சியை நிலைய வாசலிலேயே நிற்கச் சொல்லாதீர்கள். மீட்டர் டாக்சிக்காரர்களுக்கும் ஆப் டாக்சிக்காரர்களுக்கும் பல ஆண்டுப் புகைச்சல். குறிக்கப்பட்ட இடத்திலோ பக்கத்து மால் வாசலிலோ ஏறுவது உங்களுக்கும் ஓட்டுநருக்கும் நிம்மதி.

வண்டி நின்றுவிட்டால்

பெரும்பாலும் மூன்று காரணம்: மின் கேபிள் திருட்டு, சிக்னல் கோளாறு, தடத்தில் ஆள் நுழைந்தது. கேபிள் வெட்டப்பட்டால் அடுத்த வண்டியில் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். ஆள் போய்ப் புதுக் கேபிள் இழுத்துச் சோதிக்க வேண்டும், மணிக்கணக்காகும். அறிவிப்பில் ‘கேபிள்’ என்ற சொல் காதில் விழுந்ததுமே மாற்று வழி பாருங்கள். சிக்னல் என்றால் கால்மணி நேரம் பொறுத்துப் பார்க்கலாம். நிலையங்களுக்கு நடுவே வண்டி நின்றால் கதவை நீங்களாகத் திறக்க முயல வேண்டாம். மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் இருக்கிறது, தொடாமலே பாயும். விமானம் பிடிக்கப் போகும் நாளில் நேரத்துக்குக் கொண்டுசேர்க்கும் கடைசி வண்டியை நம்பாமல், அதற்கு முந்தைய இரண்டாவது வண்டியில் ஏறுவது என்ற பழக்கம் வைத்துக்கொண்டால் நெஞ்சு படபடக்காது.

160-க்கு மேல் ஏன் போவதில்லை

கௌட்ரெயினின் உச்ச வேகம் மணிக்கு 160 கி.மீ. உலக அளவுகோலில் இது அதிவேகம் ஆகாது. புதிதாகப் போட்ட தடத்தில் 250, பழைய தடத்தை மேம்படுத்தியதில் 200 வந்தால்தான் அந்தப் பெயர். 1964 அக்டோபர் 1-ல் டோக்கியோ–ஒசாகா ஷிங்கான்சென் 210-ல் தொடங்கியது. பிரான்ஸின் டி.ஜி.வி. 1981-ல் பாரிஸ்–லியான் தடத்தில் வந்தது, 2007 ஏப்ரல் 3-ல் சோதனை ஓட்டத்தில் 574.8 கி.மீ. தொட்டது. ஆப்பிரிக்காவில் அந்தப் பெயருக்கு முதலில் உரியது மொராக்கோவின் அல் புராக். 2018-ல் தொடங்கி 320-ல் ஓடுகிறது.

அப்படியானால் இங்கே 300-ல் ஓட்டியிருக்கலாமே என்ற கேள்விக்குக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. இரண்டு நிலையங்களுக்கு நடுவே 10 கி.மீ. என்று வையுங்கள். வண்டி நொடிக்கு நொடி அரை மீட்டர் வீதம் வேகம் பிடிக்கிறது, 0.8 மீட்டர் வீதம் குறைக்கிறது. 160-ஐ எட்ட 2 கி.மீ., நிற்க 1.2 கி.மீ., நடுவில் சீராக ஓட 6.8 கி.மீ. மொத்தம் ஏறத்தாழ 5 நிமிடம். இதே வண்டி 300-ஐ எட்ட 7 கி.மீ. வேண்டும், நிற்க இன்னும் 4.3 கி.மீ. கூட்டினால் 11.3. பத்துக் கிலோமீட்டரில் 300 வரவே வராது. எட்டுவதற்கு முன்பே பிரேக் பிடிக்க வேண்டும். மிச்சமாவது ஒரு நிமிடத்துக்கும் குறைவு, செலவாகும் மின்சாரமோ பல மடங்கு. வேகம் 160-இலிருந்து 300 ஆனால் இயக்க ஆற்றல் மூன்றரை மடங்கு ஆகிறது.

வளைவும் அப்படித்தான். தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தை 150 மி.மீ. உயர்த்தி, பயணிக்குச் சங்கடம் தராத அளவு இன்னும் 100 மி.மீ.க்கு ஈடான சாய்வை விட்டுவைத்தால், 160-க்கு வளைவின் ஆரம் சுமார் 1,200 மீட்டர் போதும். 300-க்கு 4,200 மீட்டரைத் தாண்டும். வீடும் கடையும் நெருக்கிக் கட்டிய ஊருக்குள் அப்படி நீட்டி வளைக்க இடமேது? அதனால்தான் பார்க்கிலிருந்து சாண்டனைத் தாண்டும்வரை சுரங்கம். சுமார் 15 கி.மீ. தோண்டினார்கள். பெரும்பகுதி வெடி வைத்து, பார்க் பக்கம் சுமார் 3 கி.மீ. மட்டும் துளைப்பு இயந்திரத்தால். அந்தப் பார்க்–ரோஸ்பேங்க் பகுதியில்தான் நிலத்தடி நீர் கசிந்து தொல்லை கொடுத்தது. விமான நிலையத் தடம் கால்பந்து உலகக் கோப்பைக்கு மூன்று நாள் முன்னால் 2010 ஜூன் 8-ல் திறந்தது. ரோஸ்பேங்க்–ஹாட்ஃபீல்ட் 2011 ஆகஸ்ட் 2-ல் வந்தது. பார்க் வரை வண்டி வர 2012 ஜூன் 7 ஆனது.

செஞ்சூரியனில் தடம் தரைக்கு மேலே பாலத்தில் போவதைக் கவனித்திருப்பீர்கள். அங்கே அடிநிலம் டோலமைட். மழைநீர் இறங்கி அந்தப் பாறையைக் கரைத்து உள்ளே குகை குகையாகப் பொள்ளல் விடும். நீர்மட்டம் இறங்கினால் மேல்மண் சரிந்து சாலையே ஒரு நாள் காணாமல் போகும். அதற்காகத் தூண்களின் அடித்தளத்தை ஆழமாகப் பாறை வரை கொண்டுபோனார்கள். கட்டுமானச் செலவு 2,500 கோடி ராண்டைத் தாண்டியதில் இப்படிப்பட்ட மண்ணுக்கும் பங்கு உண்டு.

வண்டி பம்பார்டியரின் எலக்ட்ரோஸ்டார் வகை. நான்கு பெட்டித் தொடர் 24, மொத்தம் 96 பெட்டி. முதல் சில பெட்டிகள் இங்கிலாந்தின் டெர்பியில் கட்டப்பட்டவை, மற்றவை ஜோகன்னஸ்பர்குக்குக் கிழக்கே நைஜல் ஊரில் பூட்டப்பட்டவை. ஜோகன்னஸ்பர்குக்கும் பிரிட்டோரியாவுக்கும் உயர வித்தியாசம் சுமார் 400 மீட்டர். தனி எஞ்சின் இழுக்காமல் பெட்டிகளுக்கு அடியிலேயே மோட்டார் இருப்பதால் ஏற்றம் பெரிய சுமையாகத் தெரிவதில்லை. தண்டவாள அகலம் 1,435 மி.மீ. நாட்டின் மற்ற தடங்கள் 1,067 மி.மீ. கேப் அகலம். அதனால் கௌட்ரெயின் வண்டியைப் புறநகர் ரயிலான மெட்ரோரெயிலின் தடத்தில் விட முடியாது, அதை இதில் விட முடியாது. பார்க்கிலும் பிரிட்டோரியாவிலும் இரண்டும் பக்கம் பக்கமாக நின்றாலும் நீங்கள் வெளியே வந்து, மறுபடி டிக்கெட் எடுத்துத்தான் மாற வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. இந்த நாட்டின் முதல் பயணிகள் ரயில் 1860 ஜூன் 26-ல் டர்பனில், பாயிண்ட் துறையிலிருந்து ஊருக்குள் மூன்று கி.மீ. சொச்சம் ஓடியது. அதன் அகலம் 1,435 மி.மீ.தான். அதே ஆண்டு நவம்பர் 16-ல் மதராஸிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் நம்மவர்களை அதே துறையில் இறக்கியது. பிறகு செலவுக்குப் பயந்து டர்பன் பக்கத்து நேட்டால் தடங்களையும் குறுகலாக்கினார்கள். நூற்றைம்பது ஆண்டு கழித்துப் பழைய அகலத்துக்கே கோடிகளைக் கொட்ட வேண்டியதாயிற்று.

குறுகிய தடத்தில் வேகமே வராது என்று அர்த்தமில்லை. 1978 அக்டோபர் 31-ல் 6இ1 வகை மின்சார எஞ்சின் ஒன்று வெஸ்டோனாரியாவுக்கும் மிட்வேக்கும் இடையில், லெனேசியாவுக்கு அருகிலேயே, 245 கி.மீ. தொட்டது. கேப் அகலத்தில் அது உலகச் சாதனை. நேரான ஒரு துண்டுத் தடத்தில், தயார்படுத்திய எஞ்சினோடு ஒரு நாள் ஓடுவது வேறு. தினமும் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு வளைவுகளில் ஓடுவது வேறு. 1980-களின் நடுவில் மெட்ரோபிளிட்ஸ் என்ற வண்டியை ஜோகன்னஸ்பர்க்–பிரிட்டோரியா பழைய தடத்தில் 160-ல் விட்டுப் பார்த்தார்கள், நீடிக்கவில்லை.

‘டர்பனுக்கு அதிவேக ரயில்’ என்ற செய்தியைப் படிப்பது எப்படி

சில ஆண்டுக்கு ஒரு முறை இந்தச் செய்தி வரும். வாட்ஸாப்பில் ஜப்பான் வண்டியின் படத்தோடு சுற்றும். உச்ச வேகத்தைப் பார்த்து மயங்காமல் வேறு நான்கு விவரங்களைத் தேடுங்கள்.

முதலில் அகலம். மொராக்கோவில் டாஞ்சியரிலிருந்து கெனித்ரா வரைதான் புதுத் தடம். அதற்கப்பால் காசபிளாங்கா வரை அதே வண்டி பழைய தடத்திலேயே மெதுவாக நகருக்குள் போய்விடுகிறது, ஏனென்றால் அங்கே பழைய தடமும் 1,435 மி.மீ. இங்கே அந்த வசதி கிடையாது. ஜப்பானைப்போல முனைக்கு முனை புதுத் தடம் போட வேண்டும், நகரின் நடுவரைக்கும். செலவில் பெரும்பங்கு கடைசி 20 கி.மீ.யில்தான் விழும்.

அடுத்து மலை. ஜோகன்னஸ்பர்க் 1,750 மீட்டர் உயரத்தில், டர்பன் கடல்மட்டத்தில், நடுவில் டிராக்கன்ஸ்பெர்க் சரிவு. அதிவேக வண்டிக்கு ஏற்றம் அவ்வளவு பெரிய தடை இல்லை. பாரிஸ்–லியான் தடத்திலேயே நூற்றுக்கு மூன்றரை சரிவு உண்டு. அந்தச் சரிவில் 1,000 மீட்டர் இறங்க 29 கி.மீ. போதும். வளைவின் ஆரம்தான் தடை. 4 கி.மீ. ஆரத்தை மலை மடிப்புக்குள் வரைய முடியாது, சுரங்கமும் பாலமுமாக நேராக்க வேண்டும். செய்தியில் சுரங்கத்தின் நீளம் சொல்லவில்லையென்றால் அந்தச் செலவுக் கணக்கை நம்ப வேண்டாம்.

மூன்றாவது, நடுவில் எத்தனை நிலையம். சாலைத் தூரம் சுமார் 570 கி.மீ. சராசரி 200 வந்தால் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். பழைய நெடுந்தூர ரயில் ஓர் இரவு முழுவதும் எடுத்துக்கொண்ட தூரம் அது. ஆனால் ஒவ்வொரு நிறுத்தமும் வேகம் குறைத்து, நின்று, மறுபடி பிடிப்பதில் ஆறேழு நிமிடத்தைத் தின்னும். பீட்டர்மாரிட்ஸ்பர்க், லேடிஸ்மித், நியூகாசில், ஹாரிஸ்மித் என்று ஒவ்வோர் ஊரும் நிலையம் கேட்கும், கேட்பதும் நியாயம்தான். நாலைந்து ஊர் சேர்ந்தால் அரைமணி நேரம் போச்சு.

கடைசியாக, டர்பனில் எங்கே இறக்கிவிடுவார்கள். கிங் ஷாகா விமான நிலையம் ஊருக்கு வடக்கே சுமார் 35 கி.மீ. நிலத்தின் விலை குறைவு என்று தடத்தை அங்கேயே முடித்தால் டர்பனுக்கு வடக்கே இருக்கும் ஃபீனிக்ஸ்காரருக்குக் கொண்டாட்டம். தெற்கே சாட்ஸ்வொர்த்தில் இருப்பவர் நகரத்தைக் குறுக்கே கடந்து வடக்கே போக வேண்டும். அவர் துண்டுத்தாளில் முதல் எண் 50 நிமிடம், பிளாட்ஃபார்முக்கு 10, காத்திருப்பு 15, ரயில் 175, ஜோகன்னஸ்பர்க் முனையில் 30. மொத்தம் நான்கு மணி 40 நிமிடம். விமானத்துக்கும் அதே வாசலிலிருந்து போட்டுப் பாருங்கள்: 50, செக்-இன், சோதனைக்கு 75, பறக்க 70, இறங்கிப் பெட்டி எடுத்து பிளாட்ஃபார்ம் வர 35, சாண்டனுக்கு ரயில் 15, அங்கிருந்து வீட்டுக்கு 30. நான்கு மணி 35 நிமிடம். அதே ரயில் நிலையம் டர்பன் நகருக்குள் இருந்தால் முதல் எண் 25 ஆகிவிடும், ரயில் 20 நிமிடத்தில் ஜெயித்துவிடும்.